பதினோராயிரம் வரிகளுக்குக் கீழே

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூட்டக்கா என்றால்தான் தெரியும். இரண்டாம் மாடிப் படிக்கட்டை ஒட்டி ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு மொத்தக் கட்டடத்தின் நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்களையும் தனி ஆளாகக் கட்டி மேய்ப்பவள். அறையை விட்டுக் கிளம்பினால் கதவைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், பத்தடி போவாள், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். ஒரு நாள் அவள் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்ததில் தாழ்ப்பாளே கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான் அது.

வீட்டிலும் இதே கூத்துதான். கேஸை மூடினோமா, இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று தெருமுனை வரை போனவள் திரும்பி ஓடி வருவாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். "அறுபது பேரை உக்கார வெச்சு ஓட்டறவன் நானு. எனக்கே இவ்வளவு பயம் கெடையாது. மவுசைப் பிடிக்கிறதுக்கு நீ இப்படி நடுங்கறியே!" என்று கிண்டல் பண்ணுவான். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். பதில் இல்லாமல் இல்லை. ஏழு வருஷமாக அந்தப் பதிலை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய புருஷனிடம்கூட.

பதில் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் வேறொரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்த்தாள். ஒரு மத்தியானம், ஏதோ ஒரு புரோகிராம் ஆமை வேகத்தில் போகிறது என்று புகார் வந்தது. ஃபயர்வால் இழுத்துப் பிடிக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். ஃபயர்வால் என்றால் வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டரின் வாசலில் நிற்கிற காவலாளி. வருகிற ஒவ்வொன்றையும் உள்ளே விடலாமா கூடாதா என்று பார்க்கிற புரோகிராம். 'பத்து நிமிஷம்தானே' என்று அதை அணைத்துவைத்தாள். நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போன்: மகளுக்கு நெருப்பாய்க் கொதிக்கிறது, உடனே வாங்க. பதறியடித்துக்கொண்டு ஓடினவள், அணைத்ததைத் திரும்பப் போட மறந்தே போனாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் நாசம் பண்ணிவிட்டுப் போயிருந்தார்கள். பதினாலு வருஷத்து நோயாளிகளின் குறிப்புகள் போனது போனதுதான். யார் கதவைத் திறந்துவைத்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதத்தில் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி விலகி, இங்கே வந்து சேர்ந்தாள்.

படித்த பெண்தான். ஆனால் பயம் என்ன படிப்பைப் பார்த்தா வருகிறது? இங்கே வந்த முதல் நாளே ஃபயர்வாலுக்கு ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தாள். இவனை விடாதே, அவனை விடாதே, இந்த விலாசத்திலிருந்து எது வந்தாலும் விடாதே. 'உஷார்' என்று எந்த எச்சரிக்கைக் கடிதம் வந்தாலும் அதிலிருக்கிற கெட்ட விலாசங்களையெல்லாம் ஒன்று விடாமல் சேர்ப்பாள். சேர்த்ததை எடுத்ததே கிடையாது. எடுத்த மறுநாளே அவன் வந்துவிட்டால்? அது போதாதென்று, வாசலுக்கு எது வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு உள்ளே விட்டோம் என்று ஒவ்வொன்றையும் எழுதிவைக்கச் சொல்லியிருந்தாள். அதையும் அழித்ததே இல்லை. இப்படி ஆறேமுக்கால் வருஷத்தில் பட்டியல் பதினோராயிரத்து இருநூற்றுச் சொச்சம் வரிக்கு வந்து நின்றது. அந்த ஒரே பட்டியல்தான் கட்டடத்திலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும்.

இப்போது ஏழாம் வார்டுக்கு வருவோம். இதய நோயாளிகள் வார்டு அது, இருபத்துநாலு படுக்கை. ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் நாடித் துடிப்பைக் காட்டுகிற மெஷின். எல்லா மெஷினின் கணக்கும் சர்வர் என்ற நடுக் கம்ப்யூட்டர் வழியாக நர்ஸ் மேஜையிலிருக்கும் ஒரே திரைக்கு வரும். யாருக்காவது துடிப்புத் தப்பினால் திரையில் அந்தக் கட்டம் சிவந்து, கீச்சென்று கத்தும். மெஷினும் தன் பங்குக்குக் கத்தத்தான் செய்யும். ஆனால் கண்ணாடிக் கதவு மூடியிருந்தால் அது மேஜைக்குக் கேட்காது. நர்ஸுக்குக் கண்ணும் காதும் அந்தத் திரைதான்.

ஏழாம் வார்டு நர்ஸ் ஒரு வாயாடி. நோயாளிகளைத் திட்டியே எழுப்பி நடக்க வைப்பாள். அந்த நர்ஸ் மூன்று தடவை பூட்டக்காவின் அறை வரை இறங்கி வந்து சொன்னாள்: "ஏ பூட்டக்கா, அந்தத் திரை தூங்கி வழியுது. வந்து என்னன்னு பாரு." பூட்டக்கா மூன்று தடவையும் தன் நாற்காலியிலிருந்தே பார்த்தாள். தன் கம்ப்யூட்டரில் அதே படத்தைத் திறந்தாள், பளிச்சென்று ஓடியது. இங்கிருந்தே வார்டுக் கம்ப்யூட்டருக்கு 'இருக்கிறாயா' என்று ஒரு செய்தி அனுப்பித் தட்டிப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. "எனக்கு நல்லாத்தானே வருது சிஸ்டர். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றாள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பிறகு அது நடந்தது. காலை பதினொன்று இருபதுக்குப் பதினாலாம் படுக்கைக்காரருக்கு இதயம் நின்றுபோனது. தையல்காரர், அறுபது வயசு, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். நர்ஸ் ஓடிப் போவதற்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் அவர் வலது கை அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விசாரணை வைத்தார்கள். "சத்தம் வந்த உடனே ஓடினேன்" என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். சர்வரின் குறிப்போ, சத்தத்தைப் பதினொன்று இருபதுக்கே அனுப்பிவிட்டேன் என்றது. நடுவில் தாமதம் உண்டா என்று பூட்டக்காவிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டார்கள். அவள் தன் நாற்காலியிலிருந்து மறுபடியும் தட்டிப் பார்த்தாள். 'தாமதம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த ஒரு வரி போதாதா? நர்ஸ் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி விசாரணை. அதோடு அவளுக்கு வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

புதன்கிழமை பன்னிரண்டரை மணிக்கு, ஏழாம் வார்டில் கீபோர்டு உடைந்துவிட்டது என்று அழைப்பு வந்தது. அதை மட்டும் நாற்காலியிலிருந்து மாற்ற முடியாதே. பூட்டக்கா புதுக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். நர்ஸ் மருந்து கொடுக்கப் போயிருந்தாள். பூட்டக்கா அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒயரைச் செருகிக்கொண்டிருந்தபோது, எதிரே கண்ணாடிக் கதவுக்குள் ஒன்பதாம் படுக்கைப் பெரியவர் கை அரிக்கிறதென்று விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி வீசினார். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் திரையைப் பார்த்தாள். ஒன்பதாம் கட்டம் பச்சையாகவே இருந்தது. கிளிப்பே இல்லாத விரலின் துடிப்பு திரையில் அழகாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

நொடிகளை எண்ண ஆரம்பித்தாள். பத்து. இருபது. முப்பத்தைந்து. நாற்பத்தொன்றில்தான் கட்டம் சிவந்து கத்தியது.

மருந்துத் தட்டோடு ஓடி வந்த நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? பாத்துட்டியா?"

பூட்டக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்கப்புறம் அவள் மாடிக்கும் கீழுக்குமாக எத்தனை தடவை ஏறி இறங்கினாள் என்று கணக்கே இல்லை. கீழே போய்த் தட்டினால் உடனே பதில். மேலே வந்து உட்கார்ந்தால் நாற்பது நொடி. ஒயரை மாற்றினாள், அதேதான். சர்வரைப் பார்த்தாள், அது பாட்டுக்கு உடனுக்குடன் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதுவாக மட்டும் இருக்கக் கூடாது என்று அவள் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வார்டுக் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பது.

மவுசின் மேல் கை நின்றது. விரல் அசையவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானத்தில் அழுத்திய அதே பட்டன். செல்போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டாள். எந்தப் பள்ளிக்கூடமும் இப்போது கூப்பிடக் கூடாது. அப்புறம் கட்டடத்துக்கு வெளியிலிருந்து வருகிற இன்டர்நெட் ஒயர் இந்தக் கம்ப்யூட்டருக்கு எட்டாதபடி கீழே போய்த் துண்டித்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், உங்க வாட்ச்ல நொடி முள் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"சரியா ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் ஆனதும் என் கையைப் பிடிச்சு இந்தப் பட்டனைத் திரும்ப அமுக்க வைக்கணும். நான் வேண்டாம்னாலும் விடாதீங்க, எந்திரிச்சு ஓடினாலும் விடாதீங்க."

நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பூட்டக்கா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். ஒன்பதாம் படுக்கைப் பெரியவரை மறுபடி கிளிப்பைக் கழற்றச் சொன்னார்கள். "இதைத்தான கழட்டக் கூடாதுன்னு திட்டினே?" என்று அவர் முறைத்துக்கொண்டே கழற்றினார். கழற்றிய கை கீழே வருவதற்குள் திரை சிவந்து கத்தியது. நர்ஸ் அவள் விரலைப் பிடித்துப் பட்டனை அழுத்தினாள். பூட்டக்கா ஃபயர்வால் போட்டிருக்கிறதா என்று ஐந்து தடவை பார்த்தாள். ஐந்து தடவையும் போட்டுத்தான் இருந்தது.

பட்டியலைத் திறந்தாள். இந்த நாற்காலியிலிருந்து பார்த்தபோதுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. காவலாளி ஒவ்வொரு ஆளுக்கும் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருவான். பொருந்துகிற முதல் வரியில் நின்றுவிடுவான். வார்டு மெஷின்கள் போன வருஷம்தான் வந்தன. 'இவற்றை உள்ளே விடு' என்ற வரியை அவள் பட்டியலின் அடியில், பதினோராயிரம் கெட்டவர்களுக்கும் கீழே எழுதியிருந்தாள். இருபத்துநாலு மெஷினும் நொடிக்கொரு தடவை புதிதாகக் கதவைத் தட்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் காவலாளி பதினோராயிரம் வரியைப் படித்து, வந்த நேரமும் விட்ட நேரமும் எழுதி, அப்புறம்தான் கதவைத் திறப்பான். அதற்குள் பின்னால் வரிசை தெருக்கோடிக்குப் போய்விடும். ஆஃப் பண்ணினால் வரிசை கலையும், ஒரு மணி நேரத்தில் மறுபடி சேரும்.

அவளுக்கு மட்டும் ஏன் நன்றாக ஓடியது? முதல் வரியைப் படித்தாள். 'என் கம்ப்யூட்டரை எதுவும் கேட்காமல் விடு.' வந்த முதல் நாள் எழுதியது. எங்கே நம்மை நாமே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வோமோ என்ற பயத்தில் எழுதியது. ஆறேமுக்கால் வருஷமாக அவளை அந்த வாசலில் யாரும் ஒரு நொடிகூட நிறுத்தியதில்லை. அந்த லட்சணத்தில்தான் மூன்று தடவை 'எனக்கு நல்லாத்தானே வருது' என்று சொல்லியிருக்கிறாள்.

நோயாளி ஒருவர் கூப்பிடும் சத்தம் கேட்டு நர்ஸ் எழுந்து போய்விட்டாள். மணி இரண்டே கால்.

இங்கே அவளுக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது, வந்தது. அடியிலிருக்கும் வரியைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டால் போதும், இரண்டு நிமிஷ வேலை. திரை சரியாகிவிடும். என்ன நடந்தது என்று ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. பழைய இடத்தில் தெரியாமல் போன மாதிரியே போய்விடும். சொன்னால்? வேலை போகும். தோண்டுவார்கள். பழைய கதையும் வெளியே வரும். தையல்காரரின் கையை இப்படி ஆக்கியது யார் என்றால் ஆயுசுக்கும் அவள் பேரைத்தான் சொல்வார்கள். மகள் காதுக்கும் அது போகும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் இருந்திருந்தால் அவளுக்கே சிவந்து கத்தியிருக்கும்.

வரியை மேலே போட்டாள். அதைத் தள்ளிப்போட முடியாது, இருபத்துநாலு உயிர். ஒன்பதாம் கட்டம் உடனுக்குடன் மாறியது. மிச்சம் இருந்தது அந்தக் குறிப்பு ஃபைல். பயந்து பயந்து எழுதச் சொல்லி, ஒரு நாளும் அழிக்காமல் வைத்திருந்த ஃபைல். அந்தத் தேதியைத் தேடினாள். பதினாலாம் படுக்கை, அபாயச் சத்தம். வாசலுக்கு வந்தது பதினொன்று இருபது, ஆறு நொடி. உள்ளே விட்டது பதினொன்று இருபது, நாற்பத்தொன்பது நொடி. நாற்பத்துமூன்று நொடி தையல்காரரின் உயிர் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறது. உலகத்திலேயே இதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. 'அழி' பட்டனும் பக்கத்திலேயே இருந்தது.

எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. நர்ஸ் திரும்பி வந்து, "அக்கா, சாயங்காலம் போறதுக்குள்ள என் செருப்பு, டிபன் பாக்ஸ் எல்லாம் எடுத்துக்கணும், கொஞ்சம் நகரு" என்று மேஜை இழுப்பறையைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷச் சாமான் அதில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தாள். பூட்டக்கா பிரின்ட் பட்டனை அழுத்தினாள்.

நாலு மணிக்கு விசாரணை அறைக்குள் அழைக்காமலே போய் நின்றாள். தலைமை டாக்டர் நிமிர்ந்து, "உங்க ரிப்போர்ட்தான் ஏற்கெனவே இருக்கேம்மா?" என்றார்.

"அது தப்பு சார். தாமதம் இருந்துது. நாப்பத்தி மூணு நொடி." காகிதத்தை நீட்டினாள். மேஜையில் வைக்கச் சொன்னார். படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இந்தப் பட்டியலை யார் எழுதினது?"

"நான்தான் சார். எல்லா வரியும் நான்தான்." ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. பழைய மருத்துவமனை, பத்து நிமிஷம், மகளின் காய்ச்சல், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். ஏழு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது. அழுகையும் கூடவே வந்தது.

நர்ஸ்தான் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். "மூணு தடவை உன் ரூமுக்கு எறங்கி வந்தேனே அக்கா," என்றாள். "ஒரு தடவை நீ ஏறி வந்திருந்தா என்ன?"

நர்ஸின் வேலை தப்பியது. பூட்டக்காவின் சம்பள உயர்வை நிறுத்தி, மேலே ஓர் ஆளைப் போட்டு, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்கள். தையல்காரர் வீட்டில் அவளே போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு முதல் தடவையாகப் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கிண்டல் பண்ணவில்லை. லீவு போட்டுவிட்டு அவளோடு தையல்காரர் வீட்டு வாசல் வரை வந்தான். தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் சம்சாரம்தான் கடைசியில் சொன்னாள்: "நீ சொல்லலைன்னா, அந்த நர்ஸு பொண்ணைத்தான் நான் சாகற வரைக்கும் சபிச்சிட்டே இருந்திருப்பேன்." அதற்கு மேல் உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பட்டியலை அவள் புதிதாக எழுதினாள். வேண்டாததையெல்லாம் கழித்து நூற்றுப் பத்து வரி. ஒவ்வொரு வரியையும் எடுக்கும் முன்னால் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பயம் எங்கேயும் போய்விடவில்லை. வார்டு மெஷின்களை முதல் வரியில் வைத்தாள். தன் கம்ப்யூட்டரைக் கடைசி வரியில் வைத்தாள். எங்கே சுணங்கினாலும் முதலில் தன் தலையில் விடியட்டும் என்று.

நர்ஸ் அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"பூட்டக்கா, திரை மறுபடி தூங்குது."

டப்பாவை மூடக்கூட இல்லை. அறைக் கதவைப் பூட்டாமல், திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள். நர்ஸ் மேஜைக்கு வந்தபோது மூச்சு இரைத்தது. "எந்தப் படுக்கை? எத்தனை நொடி?" என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். இருபத்துநாலு கட்டமும் பச்சையாக, உடனுக்குடன் துள்ளிக்கொண்டிருந்தன.

நர்ஸ் கையில் வாட்சோடு உட்கார்ந்திருந்தாள்.

"திரைக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "கூப்பிட்டா வரியான்னு பாத்தேன். ஐம்பத்தஞ்சு நொடி ஆச்சு." பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "உக்காரு. மூச்சு வாங்கிட்டுப் போ."